குதிரையின் வலி வீடு வீடாகப் போன வருஷம்

ஒச்சம்மாவின் குதிரைக்கு இருந்த வலி, குதிரையை விட்டு இறங்கி, தெருவைக் கடந்து, எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருந்த சிக்கந்தர் பாயின் கைகளில் ஏறிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பால் பொங்கி வரும் நேரத்தில். பால் சட்டியை இறக்கக் கை நீட்டியவருக்குப் பத்து விரல்களின் நகக்கண்ணிலும் ஒரே சமயத்தில் ஊசி ஏற்றியதுபோல இருந்தது. சட்டியை விட்டார், கரண்டியை விட்டார், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொள்ளப் பார்த்து அதையும் விட்டார், பால் பொங்கி வழிந்து வாசலில் இறங்கித் தெருவில் ஓடியது. அதே நேரத்தில், ஒரு வாரமாகத் தகரக் கொட்டகையில் படுத்தது படுத்தபடி கிடந்த குதிரை முன்னங்கால்களை ஊன்றி எழுந்து, உடம்பை ஒரு உதறு உதறி, வண்டிப்பேட்டைத் தெருவின் நட்டநடுவில் நிமிர்ந்து நடந்து வந்து, சிந்திய பாலை மோந்து பார்த்துவிட்டு, பெஞ்சின் மேல் தட்டில் இருந்த பன்னில் வாய் வைத்தது.

பன்னைப் பற்றி யாரும் பேசவில்லை. குதிரை நடந்ததைப் பற்றித்தான் பேசினார்கள்.

அந்தக் குதிரையின் பெயர் ஜமீன். சந்தையில் வாங்கும்போதே அதற்கு அந்த நடை இருந்தது, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிராதவர்களின் நடை. வாங்கி வந்தவன் ஒச்சம்மாவின் புருஷன். குதிரையைக் கொண்டுவந்து வாசலில் கட்டிய மறுமாசம் கேரளாவுக்கு மரம் அறுக்கப் போகிறேன் என்று போனான், போன இடத்தில் இன்னொரு குடும்பத்தைப் பண்ணிக்கொண்டான். அவனுடைய அண்ணன்மார் வந்து வீட்டை விட்டுவிடு என்றார்கள், ஒச்சம்மா விடவில்லை. அவளைப் பெற்றவர் வந்து, குதிரையையாவது விட்டுத் தொலை, ஒரு பொம்பளை குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்றார். ஒச்சம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லோரும் பார்க்க ஜமீன்மேல் ஏறி உட்கார்ந்து, கடைவீதி வழியாகப் போய், வைகைப் பாலத்தைத் தாண்டித் திரும்பி வந்தாள். அதற்கப்புறம் அந்த ஊரில் காதுகுத்து என்றாலும், கல்யாண ஊர்வலம் என்றாலும், கட்சிக்காரர்கள் ஜெயித்துவிட்டு மாலையோடு சுற்றி வருவது என்றாலும், முன்னால் ஜமீன் போகும், அதன் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஒச்சம்மா போவாள். விடு என்று அவளிடம் சொன்னவர்கள் எல்லோரும் அவளிடமிருந்து எதையாவது பிடுங்க வந்தவர்களாகவே இருந்தார்கள். அதனால் அந்தச் சொல் காதில் விழுந்தாலே அவளுக்குக் கழுத்து விறைத்துக்கொள்ளும்.

ஜமீனுக்கு முன்னங்கால் குளம்புகளில் நோய் கண்டு நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. வரும், போகும், போய்விட்டது என்று நினைக்கும்போது மறுபடி வரும். கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் ஹெலன் அதை ஒச்சம்மாவுக்குப் பொறுமையாக விளக்கியிருந்தாள். மனுஷனுக்கு நகம் எப்படியோ குதிரைக்குக் குளம்பு அப்படி, அந்த நகத்துக்கு அடியில் இருக்கிற சதை வெந்து நகத்தை விட்டுப் பிரிகிறது, பிரிந்த இடத்தில் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது, அந்த எலும்பின்மேல்தான் அத்தனை பெரிய உடம்பும் நிற்கிறது.

"மருந்து குடுக்கலாம், லாடத்த மாத்தலாம், மெத்துன்னு மணல் போட்டு நிக்க வைக்கலாம். எல்லாம் செஞ்சாச்சு. இனிமே கடைசி ஊசியப் போட்டு எப்ப விடறதுன்னு நீங்கதான் யோசிக்கணும்க்கா. நல்ல நாள் எத்தன, கெட்ட நாள் எத்தனன்னு பாருங்க."

"திங்குது, குடிக்குது, பக்கத்துல போனா என்னையக் கடிக்க வருது. வேற என்ன வேணும் டாக்டரம்மா?"

"அது கடிக்கிறதே வலியிலதான்க்கா."

"சின்னப் பிள்ளையிலயே கடிக்கும்" என்று சொல்லிவிட்டு ஒச்சம்மா தவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

டீக்கடைக்காரரும் விட்டுவிடச் சொன்னவர்களில் ஒருவர்தான். வலி அவர் கைக்கு வந்த அன்று பத்து மணிக்கு ஹெலன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். குளம்பை அழுத்திப் பார்க்கிற இடுக்கியை எடுத்து ஜமீனின் இடது குளம்பில் வைத்து அழுத்தினாள். ஜமீன் பேசாமல் இன்னொரு பன்னை மென்றுகொண்டு நின்றது. தெருவுக்கு அந்தப் பக்கம் சிக்கந்தர் பாய் "யா அல்லா" என்று பெஞ்சை விட்டு எழுந்தார். இன்னொரு தரம் அழுத்தினாள், இன்னொரு தரம் எழுந்தார்.

"எந்தக் கை பாய்?"

"எடது கைம்மா."

வலது குளம்பில் இடுக்கியை வைத்தாள். அவர் வலது கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஹெலன் வலி மருந்தை ஊசியில் ஏற்றி ஜமீனின் கழுத்தில் போட்டாள். சற்று நேரத்தில் சிக்கந்தர் பாய், இப்போது தேவலாம்போல இருக்கிறது என்றார். எங்கள் படிப்பில் இது இல்லை என்று சொல்லி ஹெலன் இடுக்கியைக் கழுவிப் பைக்குள் வைத்தாள், பாயின் வீட்டம்மா போட்டுக் கொடுத்த டீயைக் குடித்தாள், அடுத்த வாரம் வருகிறேன் என்று கிளம்பிப் போனாள்.

மறுநாள் விடிந்தபோது வலி சிக்கந்தர் பாயை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தது, அதற்கு மறுநாள் அதற்கடுத்த வீட்டுக்கு. அந்தச் சாரி முடிந்து இந்தச் சாரிக்குத் திரும்பியது. ஒரு வீட்டில் ஒரு ஆள், விடிந்தால் வரும், மறுநாள் விடிந்தால் போகும், தெரு முழுக்கச் சுற்றி முடித்துவிட்டு மறுபடி டீக்கடையிலிருந்து ஆரம்பிக்கும். வாசலில் கோலம் போடக் குனிகிற பெண் கோலமாவைக் கீழே விட்டால் இன்றைக்கு அந்த வீடு என்று தெருவுக்குத் தெரிந்துவிடும்.

முதல் சுற்றில் கத்தினார்கள், சண்டைக்கு வந்தார்கள், ஒச்சம்மாவின் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றக்கூட ஒருத்தி வந்தாள், வாரக் கை வராமல் திரும்பிப் போனாள். இரண்டாவது சுற்றில் பழகிக்கொண்டார்கள். முறை வந்த ஆளுக்கு எதையும் பிடிக்க முடியாது, ஆகையால் யாராவது ஊட்டிவிட வேண்டும், யாராவது குளிப்பாட்டிவிட வேண்டும், யாராவது மூக்கைச் சொறிந்துவிட வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத இரண்டு ஓர்ப்படிகளில் மூத்தவளுக்கு முறை வந்தபோது இளையவள்தான் சோறு பிசைந்து ஊட்டினாள், ஊட்டும்போதும் பேசவில்லை, ஆனால் மீனில் முள் பார்த்து எடுத்துப் போட்டாள். வட்டிக்கடைக்காரர் ஒருவர் தன் முறைக்கு முந்தின நாள் திண்டுக்கல்லில் மகள் வீட்டுக்குப் போய் ஒளிந்தார், வலி அவரைத் தேடி அங்கேயும் போனது, அங்கே அவருக்கு ஊட்டிவிட ஆளில்லாமல் மத்தியானம் பஸ் பிடித்துத் தெருவுக்கே திரும்பி வந்தார். முகூர்த்தத்தன்று மாப்பிள்ளை கைக்கு முறை வந்துவிட்ட ஒரு கல்யாணத்தில், தாலியின் முதல் முடிச்சை அவன் கடித்த பல்லோடு போட்டான், மிச்ச முடிச்சுகளை அக்காக்காரி போட்டாள், அந்தப் பெண் கடைசிவரை அந்த முதல் முடிச்சைத்தான் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள்.

பழகிய பிறகு ஒரு மிடுக்கும் வந்தது. மற்றத் தெருக்காரர்கள் கேலி பேசினால், உங்கள் தெருவில் ஒரு நாய்க்குத் தலைவலி என்றால் தாங்குவீர்களா என்று கேட்டார்கள். நோய்பிடித்த விலங்கைத் தெருவில் வைத்திருக்கக் கூடாது என்று நகராட்சி ஆபீஸிலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்தபோது, தெருச் சங்கத் தலைவர் செல்லப்பாண்டி, பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையரான மனுஷன், ஜீப்பின் முன்னால் போய் நின்றார்.

"வலி எங்களுது, குதிர அந்தப் பொம்பளையோடது. இதுல ஒங்களுக்கு என்ன சார் சிரமம்?"

வந்தவர் ஜமீனைப் பார்த்தார். ஜமீன் காதை முன்னால் தள்ளி, வாலைச் சுழற்றிக்கொண்டு, எந்த நோவும் இல்லாத கோலத்தில் அவரைப் பார்த்தது. ஜீப் திரும்பிப் போனது. தெரு கை தட்டியது, அன்றைக்கு முறை வந்திருந்தவரைத் தவிர.

ஒச்சம்மாவுக்கு மட்டும் முறை வரவே இல்லை. அவள் வீட்டுக்கு இந்தப் பக்கத்து வீட்டுக்கு வரும், மறுநாள் அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். உன்மேல் அதற்கு அவ்வளவு பாசம், உனக்குக் கொடுக்க மனசில்லை என்றார்கள். ஒச்சம்மா அப்படி நினைக்கவில்லை. சிக்கந்தர் பாய் தன் முதல் முறை முடிந்த மறுநாள் கொட்டகைக்கு வந்து, நெடுநேரம் ஜமீனின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னது அவளுக்குள் கிடந்து அறுத்துக்கொண்டிருந்தது.

"இனிமே அத விட்டுருன்னு நான் சொல்ல மாட்டேன் தாயி. வச்சுக்கன்னும் சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இந்த வலியோடயா போன தை மாசம் எம் மருமகன ஏத்திக்கிட்டு பாலத்துலருந்து பள்ளிவாசல் வரைக்கும் வந்துச்சு?"

அந்தத் தை மாசம் ஜமீன் நடக்கத் தயங்கியதும், வெடிச் சத்தத்துக்குப் பயப்படுகிறது என்று பாயிடம் அவளே சொன்னதும், சொல்லிவிட்டுக் கடிவாளத்தைச் சுண்டி இழுத்ததும் ஒச்சம்மாவுக்கு நினைவிருந்தது. மறுநாளிலிருந்து தினமும் விடிந்ததும் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே பிடித்து விரல்களை மடக்கி நிமிர்த்திப் பார்ப்பாள். கைகள் சௌக்கியமாக இருக்கும். அந்தச் சௌக்கியமான கைகளால் சாணி அள்ளுவாள், தண்ணீர் சுமப்பாள், ஜமீனின் பிடரியைச் சீவிவிடுவாள், தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் தெரியவில்லை என்கிற கோபத்தில் கொஞ்சம் அழுத்தியே சீவுவாள்.

மழைக்காலம் வந்து போனது. ஹெலன் மாசா மாசம் வந்து குளம்பைத் தூக்கிப் பார்த்தாள், ஒவ்வொரு மாசமும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"வலிதான் போயிருக்குக்கா, நோய் போகல. வலி இல்லாததால இது தெருத்தெருவா நடக்குது. நடக்க நடக்க உள்ள கிழியுது. இங்க பாருங்க, அடிப்பாதம் பிதுங்கியிருக்கு. இன்னும் கொஞ்ச நாள்ல எலும்பு வெளிய வந்துரும். அப்பவும் இது பாட்டுக்கு நடக்கும்."

"நடக்கும்ல?"

"நடக்கும். அந்த வலிய யாரு வாங்குவா?"

ஒச்சம்மா கழுத்தை விறைத்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு வலி ஒரு வீட்டுக்குப் போதவில்லை, ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கு வந்தது, சில நாள் மூன்று வீட்டுக்கு. வலி வந்தவர்கள் முன்பு கையை ஊதிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து கதை பேசுவார்கள். இப்போது பாயை விரித்துப் படுத்துவிட்டார்கள். ஊட்டிவிட ஆள் குறைந்தது. ஆனாலும் யாரும் ஒச்சம்மாவிடம் வந்து எதுவும் சொல்லவில்லை. தாங்குவது அவர்களுக்கு ஒரு பழக்கமாகவும் பந்தயமாகவும் ஆகியிருந்தது, முதலில் தாங்க முடியவில்லை என்று சொல்லும் ஆளாக இருக்க ஒருவருக்கும் மனசில்லை.

பங்குனி மாசத்தில் ஒருநாள் தெருக்கோடியில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. பல் முளைக்கிற வயசுக் குழந்தை, தாய் வினோதினி தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. பால் கொடுத்தாள், குடிக்கவில்லை. வசம்பு வைத்தாள், நிற்கவில்லை. தூளியை ஆட்டினார்கள், தோளில் போட்டுத் தெருவில் நடந்தார்கள், மாமியார் சுற்றிப் போட்டாள். எப்போதும் வாயிலேயே கிடக்கும் பிஞ்சுக் கைகள் இரண்டும் விரிந்து, விறைத்து, ஒன்றின்மேலும் படாமல் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் வினோதினிக்கு விளங்கியது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாத்திய கதவுக்கு வெளியேயும் அழுகை கேட்டது. மத்தியானம்வரை தெரு முழுக்கக் கேட்டது. ஒச்சம்மா போய்க் கதவைத் தட்டினாள்.

"ஒண்ணுமில்ல பெரியம்மா" என்றாள் வினோதினி. அவள் கண் வீங்கியிருந்தது. "ஒரு நாள்தான. நாளைக்கிச் சரியாயிரும். எல்லா வீட்லயும்தான் தாங்குறாக."

"குடு இங்க."

ஒச்சம்மா குழந்தையை வாங்கினாள். அந்தக் கைகளைத் தொடாமல் பார்த்தாள். நகங்கள் அரிசிக் குருணை அளவு இருந்தன. குழந்தை அழுகையை நிறுத்தாமலே அவளைப் பார்த்தது. எதற்காக இப்படி என்று கேட்கத் தெரியாத, எப்போது முடியும் என்று நினைக்கத் தெரியாத பார்வை. அதே பார்வையைத் தான் பல வருஷமாகத் தவிட்டு வாளியோடு தாண்டிப் போயிருக்கிறோம் என்று ஒச்சம்மாவுக்குத் தெரிந்தது. குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு வெயிலில் செருப்பில்லாமல் தெருவை நீளத்துக்கும் நடந்து கொட்டகைக்கு வந்தாள்.

ஜமீன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தது.

"என்கிட்ட குடுடா" என்றாள் ஒச்சம்மா. "ஊருக்கெல்லாம் குடுக்குற, எனக்கு மட்டும் என்னடா கேடு? நான் ஒனக்கு யாரு?"

ஜமீன் வாலால் ஈயை ஓட்டியது.

அவள் கத்தினாள், பிடரியைப் பிடித்து உலுக்கினாள், நன்றிகெட்ட நாயே என்று குதிரையை வைதாள். பிறகு அதன் முன்னங்கால்களுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து அந்த இரண்டு குளம்புகளும் கண்ணுக்கு நேரே தெரிந்தன, முன்னால் நீண்டு வளைந்து, வரிவரியாக வெடித்து. இத்தனை வருஷத்தில் அவள் ஜமீனிடம் வா என்றிருக்கிறாள், போ என்றிருக்கிறாள், நில் என்றிருக்கிறாள், தன் புருஷனைப் பற்றியும் மாமனார் வீட்டைப் பற்றியும் புலம்பியிருக்கிறாள், ஆனால் எதையும் கேட்டதில்லை. கேட்டால் அது என்ன சொல்லும் என்று பயந்திருந்தாள்.

"ரொம்ப வலிக்குதாடா?" என்று கேட்டாள்.

ஜமீன் திரும்பியது. தலையைத் தாழ்த்தி அவள் மடியில் திறந்து கிடந்த கைகளில் மூக்கை வைத்து மூச்சு விட்டது. அந்தச் சூடான மூச்சோடு வலி வந்தது. ஊசி என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஒச்சம்மாவுக்கு அது ஊசியாக இல்லை, நகங்களை வேரோடு பெயர்த்து, பெயர்த்த இடத்தில் ஒரு முழுக் குதிரையை ஏற்றி நிறுத்தியதுபோல இருந்தது. அவள் சத்தம் போடவில்லை. தெருக்கோடியில் குழந்தையின் அழுகை நின்றதைக் கேட்டாள்.

மறுநாள் விடிந்தும் வலி அவளை விட்டுப் போகவில்லை. அடுத்த வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து கையை விரித்துப் பார்த்துவிட்டு, எங்களுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். அதற்கு மறுநாளும் போகவில்லை. சிக்கந்தர் பாயின் வீட்டம்மா வந்து அவளுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டாள், வாயைத் துடைத்துவிட்டாள். ஒச்சம்மா கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தாள். ஜமீன் நடந்தால் அவளுக்கு ஒவ்வொரு அடியும் தெரிந்தது, நின்றால் எந்தக் காலில் எடை என்று தெரிந்தது, முன்பெல்லாம் ராத்திரி அது ஏன் படுக்காமல் நின்றது என்றும் எழுவதற்கு முன் ஏன் அவ்வளவு நேரம் யோசித்தது என்றும் தெரிந்தது. மருந்து ஏறி வலி அடங்குகிற சொற்ப நேரம் எப்படி இருக்கும் என்பதும் தெரிந்தது. அந்த மாதிரி நேரத்தில்தான் அது முன்பு அவளைக் கடிக்க விளையாட்டாக வாய் நீட்டியிருக்கிறது. ஹெலன் சொன்ன நல்ல நாள், கெட்ட நாள் கணக்கை அவள் இப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

வாரக் கடைசியில் ஹெலனுக்குப் போன் பண்ணச் சொன்னாள், காதில் யாரோ பிடித்துக்கொண்டார்கள்.

"ஞாயித்துக்கெழம வாங்க டாக்டரம்மா. விட்டுர்றேன்."

தெரு கொதித்துப்போனது. சாயங்காலம் சங்கக் கட்டடத்தில் எல்லோரும் கூடினார்கள், ஒச்சம்மாவை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

"நாங்க யாராச்சும் முடியலன்னு சொன்னமா?" என்றார் செல்லப்பாண்டி.

"சொல்லல."

"பெறகென்ன? மூணு வீட்டுக்கு வந்தா மூணு வீடு தாங்கும். தெருவே தாங்கணும்னா தெருவே தாங்கும். ஜீப்பத் திருப்பி அனுப்பிச்சமே, அது எதுக்கு?"

"நீங்க தாங்குவீக அண்ணே. கேட்டா ஒங்க பேரன் பேத்தி வரைக்கும் தாங்குவீக. அதுக்காகத்தான் விடுறேன்."

"அது எங்க வலியும்தான் ஒச்சம்மா. எங்களக் கேக்காம நீயா எப்பிடி முடிவு பண்ணுவ?"

ஒச்சம்மா தன் கைகளைப் பார்த்தாள், பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "வீட்ட விடுன்னு சொன்னாக, விடல. குதிரைய விடுன்னு சொன்னாக, விடல. இப்ப விடாதங்கிறீக. எப்ப விடணும்னு எனக்கு யாரும் சொல்ல வேணாம். நான் அதுகிட்ட கேட்டுட்டேன்."

வினோதினி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு முதலில் எழுந்து வெளியே போனாள். அவள் போனது கோபத்திலா, நிம்மதியிலா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒச்சம்மா ஜமீனை வைகைக்குக் கூட்டிப்போனாள். ஆற்றில் தண்ணீர் இல்லை, கரைக்குக் கரை மணல் கிடந்தது. கடிவாளம் போடவில்லை, பிடிக்கக் கையும் இல்லை. அவள் முன்னால் நடந்தாள், ஜமீன் பின்னால் வந்தது. ஹெலன் பையோடு மணலில் காத்திருந்தாள்.

"மொதல்ல அது ஓடட்டும்" என்றாள் ஒச்சம்மா. "அது ஓடி அஞ்சு வருசமாச்சு."

"இந்தக் காலோட ஓடுனா குளம்பு ஒடைஞ்சுரும்க்கா."

"ஒடையட்டும். இனிமே அத எதுக்குச் சேத்து வைக்கணும்?"

"அந்த வலி மொத்தமும் உங்களுக்கு வரும். மயக்கம் போட்டு விழுந்துருவீங்க."

அப்போது கரைச்சரிவில் ஆட்கள் இறங்குவது தெரிந்தது. செல்லப்பாண்டி முன்னால் வந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அவர் பின்னால் சிக்கந்தர் பாயும் அவர் வீட்டம்மாவும், பேசிக்கொள்ளாத ஓர்ப்படிகள் இரண்டு பேரும், வட்டிக்கடைக்காரரும், முதல் முடிச்சுக்காரனும் அவன் பெண்டாட்டியும், குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வினோதினியும், வண்டிப்பேட்டைத் தெருவே வந்தது. யாரும் ஒச்சம்மாவிடம் பேசவில்லை. ஒச்சம்மாவைச் சுற்றிலும் மணலில் வரிசை வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டார்கள்.

ஒச்சம்மா ஜமீனின் காதில் சொன்னாள், "போடா."

ஜமீன் முதலில் நடந்தது, பிறகு மணலை மோந்தது, பிறகு ஒரு தடவை பின்னங்கால்களை உதைத்துப் பார்த்தது, பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒரு கணத்தில் கழுத்தை நீட்டி ஓட ஆரம்பித்தது, மேற்கே பாலத்தைப் பார்த்து, பிடரி எழும்பி விழ, மணல் பின்னால் அருவிபோலச் சிதற, வாங்கி வந்த காலத்தில் ஓடியதைவிட வேகமாக. அது ஒவ்வொரு தரம் முன்னங்கால்களை ஊன்றும்போதும் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே மூச்சாக முனகினார்கள், பல்லைக் கடித்தார்கள், கண்ணில் தண்ணீர் ஊற்றியது, ஆனாலும் ஒருவர்கூடக் கையை மூடவில்லை, ஒருவர்கூட எழவில்லை, சிக்கந்தர் பாய் தன்னை அறியாமல் ஓடு ஓடு என்று சொல்லிக்கொண்டிருந்தார், பாலத்துக்கு அடியில் போய் நிழலில் மறைந்து மறுபக்கம் வெயிலில் தெரிந்து வட்டமடித்துத் திரும்பிய குதிரையைப் பார்க்கப் பாலத்தின்மேல் பஸ்கள் நின்றன, பஸ்ஸிலிருந்தவர்களுக்கு ஒரு குதிரை ஓடுவதும் நடு ஆற்றில் ஒரு கூட்டம் கை விரித்து அழுவதும் தெரிந்ததே தவிர, ஒன்றும் புரியவில்லை.

தானாகத் திரும்பி வந்து ஒச்சம்மாவின் முன்னால் நின்றது. உடம்பு முழுக்க வேர்த்து மினுங்கியது, மூக்குத் துவாரங்கள் விரிந்து சுருங்கின, காதுகள் இரண்டும் நிமிர்ந்திருந்தன. இடது குளம்பிலிருந்து ரத்தம் மணலில் இறங்கிக்கொண்டிருந்தது. அது அதைக் கவனிக்கவில்லை.

செல்லப்பாண்டி அழுகையும் சிரிப்புமாக எழுந்தார். "பாத்தியா? பாத்தியா ஒச்சம்மா? இன்னும் அதுக்குத் தெம்பு இருக்கு. இப்பிடி ஓடுற குதிரைய இன்னைக்கா விடணும்?"

"இன்னைக்கித்தான்" என்றாள் ஒச்சம்மா.

ஹெலனைப் பார்த்துத் தலையசைத்தாள். முதல் ஊசியில் ஜமீன் முன்னங்கால்களை மடித்து, பிறகு பின்னங்கால்களை மடித்து, அவசரமே இல்லாமல் மணலில் படுத்தது. ஒச்சம்மா அதன் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். இரண்டாவது ஊசி ஏறும்போது அது அவள் சேலைத் தலைப்பை வாயில் கவ்வியிருந்தது. வாய் தளர்ந்தபோது எல்லோருடைய கைகளிலிருந்தும் ஒரே சமயத்தில் வலி போனது. நெடுநேரம் யாருக்கும் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு ஒருவர் மண்வெட்டி எடுக்கப் போனார், அப்புறம் எல்லோரும் போனார்கள். கரைமேல் தன் நிலத்தில் வேலியோரமாகத் தோண்டலாம் என்று செல்லப்பாண்டிதான் இடம் காட்டினார், காட்டும்போதும் ஒச்சம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வெயில் உச்சிக்கு வரும்வரை தோண்டினார்கள்.

தெருவில் பாதிப் பேர் அந்தக் கோடை முழுக்க அவளோடு பேசவில்லை. வினோதினி மட்டும் ஒருநாள் குழந்தையைக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் ஒச்சம்மா பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, அரிசி அரைக்க மாவு மில்லுக்குப் போய் வந்தாள். ஆடி மாசத்தில் ஒரு காலையில் ஒச்சம்மா டீக்கடைக்கு வந்தபோது செல்லப்பாண்டி பெஞ்சில் இருந்தார். எழுந்து போகப் பார்த்தவர், போகாமல், கையிலிருந்த கிளாஸைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஒரு ரெண்டு மாசம் பொறுத்திருக்கலாம்ல?"

சிக்கந்தர் பாய் ஆற்றிக்கொண்டிருந்த டீயை ஆற்றுவதை நிறுத்தினார்.

"பொறுத்திருக்கலாம்" என்றாள் ஒச்சம்மா. "ரெண்டு மாசம் இருந்திருக்கும். மூணு மாசங்கூட இருந்திருக்கும். கடைசில படுத்த எடத்துல புழு வச்சு, எந்திரிக்கணும்னா நாலு பேரு கயிறு போட்டுத் தூக்கி, அப்பறம் நீங்களே வந்து விட்டுருன்னு சொல்லியிருப்பீக. ஒங்களுக்கும் எனக்கும் அந்தக் குதிரைதான் ஞாபகத்துல நின்னிருக்கும்." டீயை வாங்கிக்கொண்டாள். "நான் ஓடுற குதிரைய விட்டேண்ணே. யாரு வேணும்னாலும் கோவிச்சுக்கங்க."

அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, டீயைக் கடைசிச் சொட்டுவரை நிதானமாகக் குடித்தாள்.